கிண்ணத்தில் விழாத கட்டை

ஏப்ரல் 11, வெள்ளி

இந்த டைரி எண்ணெய்க் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. நேற்று வரைக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் விசிறியாக வேலை பார்த்தது. இன்றிலிருந்து அதற்கு உத்தியோக உயர்வு.

எழுதச் சொன்னது ஜெசிந்தா டீச்சர். காது கேளாத பிள்ளைகளுக்காக ஊர் ஊராக வருகிற டீச்சர். "பிள்ளை வீட்டுல என்ன செய்யிறா, எதுக்குத் திரும்பிப் பாக்குறான்னு தேதி போட்டு எழுதுங்கண்ணே. எந்தப் பள்ளிக்கூடத்துல சேர்க்கிறதுன்னு முடிவு பண்ண உதவும்" என்றார்.

"நான் அஞ்சாங்கிளாஸ் பாதியில ஓடி வந்தவன் டீச்சர். நான் எழுதினா அதை வாசிக்கத் தனியா ஒரு டீச்சர் வரணும்" என்றேன். சிரித்துவிட்டார்.

பிள்ளை பெயர் தனுஷ்கா. எட்டு வயசு. எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருசம் கழித்துப் பிறந்தவள். பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருசமாகப் பேருக்கு உட்கார்ந்திருக்கிறாள். என் பெயர் சங்கிலி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அண்ணாச்சி கடையில் பரோட்டா மாஸ்டர். வீட்டுக்காரி பாண்டீஸ்வரிக்குப் பஞ்சு மில்லில் வேலை. அவள் ஒரு நாளில் பேசுவதை நான் ஒரு பரோட்டா திருப்புவதற்குள் பேசிவிடுவேன்.

இன்று முகாமில் காது சோதனை. காது பார்க்கிற சார் சின்ன வயசு. மீசை இப்போதுதான் யோசித்துக்கொண்டிருக்கிறது. தலையில் மாட்டிய ஹெட்போனைப் பிள்ளை பிடுங்கி எறிந்துவிட்டாள். அதனால் இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்தார். சத்தம் வரும்போதெல்லாம் ஒரு கலர்க் கட்டையை எடுத்துக் கிண்ணத்தில் போடவேண்டும். அவள் அழாமல் இருக்க என்னை எதிரே உட்கார வைத்தார்.

பெரிய சத்தத்துக்குப் போட்டாள். நடுத்தரமான சத்தத்துக்கும் போட்டாள். நானே காதைத் தீட்டிக்கொண்டு கேட்கவேண்டிய சத்தத்துக்கும் டொக்கென்று போட்டாள்.

சாருக்குச் சந்தோசம். "கேக்குற மிச்சம் நல்லாவே இருக்குங்க. மெஷின் வச்சா ஊர்ப் பள்ளிக்கூடத்துலயே சமாளிச்சிருவா. மிச்சம் இல்லாத பிள்ளைங்கன்னாதான் ஜில்லாவுல இருக்குற காது கேளாதோர் பள்ளிக்கு, விடுதிக்கு அனுப்பணும்."

பாண்டி வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னா, புதுசாப் பொண்ணு பாக்க வந்த மாதிரி பாக்குற?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பிள்ளைக்குப் பால்கோவா வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் ஒன்று.

ஏப்ரல் 13, ஞாயிறு

தினமும் எழுத என்ன இருக்கிறது. காலையில் மாவு பிசைந்தேன். பிள்ளை மாவு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். அது அவள் சிம்மாசனம். பரோட்டாவை இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அடித்து உதிர்ப்பேன் இல்லையா, அதைக் காற்றில் அடித்துக் காட்டினால் அப்பா என்று அர்த்தம். மூக்கைப் பொத்தினால் அம்மா. மில்லில் துணி கட்டிக்கொள்கிறாள், அதனால்.

எனக்கு வேலை நேரம் பூராவும் இரண்டு கையும் மாவில் இருக்கும். கையைக் காட்டிப் பேச முடியாது. அவள் தவழ்ந்த நாளிலிருந்து புருவத்தால்தான் பேச்சு. இரண்டையும் தூக்கினால் ‘சரி, செய்.’ சுருக்கினால் ‘தொடாதே, சுடும்.’ ஒன்றை மட்டும் தூக்கினால் ‘அண்ணாச்சி வர்றாரு, இறங்கு.’ ஒரு தடவைகூடத் தப்பாது.

டீச்சர், நல்லா எழுதுகிறேனா?

ஏப்ரல் 20, ஞாயிறு

பின்னால் நின்று "தனுஷ்கா" என்று கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தாள். மாஸ்டருக்குப் பொய் சொல்லத் தெரியாது. கல்லின் மேல் கரண்டியால் ஒரு தட்டும் தட்டினேன். அவள் கல்லு ஸ்டாண்டில் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தாள். ஆனாலும் திரும்பினாளா இல்லையா?

மே 6, செவ்வாய்

பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தூங்க வைத்து மூளைக்குச் சத்தம் போகிறதா என்று பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறதாம். அதையும் எடுத்துவிட்டால் நல்லது என்று டீச்சர் சீட்டு எழுதிக் கொடுத்தார். இன்றைக்குப் போகவேண்டிய நாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"போகலாம்ங்க" என்றாள் பாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டு.

"நல்லாத் தூங்குற பிள்ளைய மருந்து குடுத்துத் தூங்க வைக்கணுமாக்கும்? உனக்கு வேணா ஒரு டோஸ் வாங்கித் தர்றேன்."

அவள் செருப்பைக் கழற்றி மூலையில் வைத்தாள். லீவு போட்டிருந்தும் மில்லுக்குப் போய்விட்டாள்.

ஜூன் 2, திங்கள்

மூணாங்கிளாஸ். அரசாங்கம் கொடுத்த காது மெஷின் இரண்டும் மாட்டிவிட்டாச்சு. ஆள் சினிமா போலீஸ் மாதிரி இருக்கிறாள். பக்கத்து இடம் மோனிகாவுக்கு, இட்லி மாவு விற்கிறவர்கள் வீட்டுப் பிள்ளை. "அக்கா மாதிரிப் பாத்துக்கணும்" என்று ஒரு முட்டாய் லஞ்சம் கொடுத்துவிட்டு வந்தேன்.

விடுதி என்றால் சும்மாவா. அங்கே உப்புமா போடுவார்களாம். இவள் உப்புமாவைக் கண்டால் வாயை மூடிக்கொள்வாள்.

ஜூன் 17, செவ்வாய்

வகுப்பு டீச்சரைப் பார்த்தேன். "தங்கமான பிள்ளைங்க. இருக்குற இடமே தெரியாது" என்றார். அண்ணாச்சியிடம் பெருமையாகச் சொன்னேன். "உனக்குப் போயி அப்படி ஒரு பிள்ளையாடா?" என்றார்.

ஜூலை 8, செவ்வாய்

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மெஷினைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டாள். எடுத்து மாட்டினேன். மறுபடியும் போட்டாள். காதை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுகை. பாண்டி மடியில் படுக்க வைத்துக் காதைத் தடவிவிட்டாள். சத்தம் இல்லாமல் அழுகிற பிள்ளையை யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் ஜோக்குக்கு மாவை மீசையாக ஒட்டிக்கொண்டு போனேன். திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடியேற்றினார்கள். பிள்ளைகள் பாடினார்கள். இவளும் மோனிகாவைப் பார்த்து வாயை அசைத்தாள். நான் கைதட்டினேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஜெசிந்தா டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். இரண்டு பரீட்சைத் தாளை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே மாதிரி. சரியான விடை ஒரே இடத்தில், தப்பு ஒரே இடத்தில், அடித்துத் திருத்தினதும் ஒரே இடத்தில். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. மேலே இரண்டிலும் பெயர்: ச. மோனிகா.

"எம் மக வேற பேருல பாஸாயிட்டா போலயே" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

டீச்சர் பிள்ளையைக் கூப்பிட்டுச் சாக்பீஸைக் கையில் கொடுத்தார். பலகையைக் காட்டி எழுது என்றார். தனுஷ்கா மோனிகாவின் கையைப் பார்த்தாள். மோனிகா சும்மா நின்றாள். இவளும் சாக்பீஸை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். என் புருவத்துக்குத்தான் எழுத்து தெரியாதே.

"வீட்டுல இவளை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்றார் டீச்சர்.

"தரையில ஒரு மிதி மிதிப்பேன். திரும்பிருவா."

"அது கூப்பிடுறதுண்ணே. பேரு? தனக்குன்னு ஒரு பேரு இருக்குன்னு இவளுக்குத் தெரியுமா?"

எனக்கு வாய் நிற்காது என்று ஊரே சொல்லும். பிள்ளை கையிலிருந்த சாக்பீஸை வாங்கி மேசையில் வைத்தேன்.

செப்டம்பர் 25, வியாழன்

பாண்டி இன்றைக்குப் பேசினாள். பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"அன்னைக்கு முகாமுல நீங்க புருவத்தைத் தூக்குனீங்க."

"என் மூஞ்சி அப்படித்தான். அது நிக்காது."

"நின்னுச்சு. சத்தம் வராதப்ப நின்னுச்சு."

நான் தக்காளி விலையைப் பற்றிப் பேசினேன். அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஆறு மாசமா மில்லுல பாத்துக்கிட்டிருக்கேன். வடநாட்டுப் பிள்ளை ஒண்ணு வந்திருக்கு. அதுக்கு எங்க பேச்சு ஒண்ணும் புரியாது. நாங்க சிரிச்சா சிரிக்கும், நாங்க எந்திரிச்சா எந்திரிக்கும். அது மூஞ்சியைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு நம்ம பாப்பாதான். அந்தப் பிள்ளையாவது சாயங்காலமானா அவங்க ஆளுங்ககிட்டப் போயி நாலு வார்த்தை பேசும்."

"நான் இருக்கேன்ல, அவகிட்டப் பேச?"

"நீங்க இருக்கீங்க. கல்லு முன்னாடி இருக்கீங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு நீளமாகப் பேசினதில்லை.

அக்டோபர் 9, வியாழன்

ஜில்லாவில் இருக்கிற காது கேளாதோர் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். மறுபடியும் சோதித்துப் பார்த்துவிட்டு, எங்கே, எந்த வகுப்பில் என்று அங்கேயே முடிவு சொல்வார்களாம். ஜெசிந்தா டீச்சரும் வந்திருந்தார்.

நாங்கள் நுழைந்தது சாப்பாட்டு நேரம். நூறு பிள்ளைகள் இருக்கும். தட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லோரும் கையால் பேசுகிறார்கள். ஒருத்தன் கதை சொல்கிறான், நாலு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். இரண்டு பேருக்குச் சண்டை, அதுவும் கையாலேயே, அடிக்காமல். அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்குப் பேச்சு போகிறது. சிரிப்புச் சத்தமும் தட்டுச் சத்தமும்தான். நம்ம பஸ் ஸ்டாண்டு தோற்றுப்போகும்.

தனுஷ்கா என் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது விட்டாள் என்று தெரியவில்லை. ஒரு குட்டிப் பிள்ளை வந்து இவள் மெஷினைத் தொட்டது, தன் மெஷினைத் தொட்டுக் காட்டியது, கையால் என்னமோ கேட்டது. இவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எதிரே போய்ப் புருவத்தைத் தூக்கினேன், ஒன்றைத் தூக்கினேன், காதைக்கூட ஆட்டினேன். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் முகத்தைப் பார்க்க அவளுக்கு நேரமில்லை.

சோதனை அறை சின்னது. அதே சார். மீசை வந்துவிட்டது. அதே கலர்க் கட்டை, கிண்ணம். ஹெட்போனை இந்தத் தடவையும் மாட்டவிடவில்லை. ஸ்பீக்கர்தான்.

"அப்பா வெளிய இருக்கட்டுமா?" என்றார் சார்.

ஜெசிந்தா டீச்சர் என்னைப் பார்த்தார். "வேணாம் சார். அன்னைக்கு உக்காந்த இடத்துலயே உக்காரட்டும். பாப்பா பயப்படுவா" என்றார். அவருக்குத் தெரியும். எப்படியோ தெரியும்.

உட்கார்ந்தேன். பாண்டி வாசலில்.

முதல் சத்தம் வந்தது. லாரி ஹாரன் மாதிரி. தனுஷ்கா கட்டையை எடுத்துக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சும்மா இருந்தேன்.

முகத்தைச் சும்மா வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. சாவு வீட்டிலும் எவனையாவது சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவேன். கண்ணை மூடிக்கொள்ளலாமா என்று பார்த்தேன். அது அவளைத் தனியாக விட்ட மாதிரி ஆகிவிடும். திறந்தே வைத்திருந்தேன்.

இன்னும் பெரிய சத்தம் வந்தது. எனக்குக் காது அடைத்தது. சார் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் கட்டையோடு காத்திருந்தாள். முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு இடது கையையும் கட்டை வைத்திருந்த கையையும் சேர்த்துக் காற்றில் அடித்துக் காட்டினாள். பரோட்டா. அப்பா. அப்பா.

நான் கல்லு மாதிரி இருந்தேன்.

கடைசியில் அவள் கட்டையைக் கிண்ணத்தில் போடவில்லை. எழுந்து வந்து அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

"போன தடவை எல்லாத்துக்கும் போட்டாளே?" என்றார் சார்.

"அன்னைக்குச் சளி இல்ல சார்" என்றேன். அவர் எதையோ எழுதினார்.

பெரிய டீச்சர் அறையில் முடிவு சொன்னார்கள். விடுதியில் இடம் இருக்கிறது, தீபாவளி கழித்துக் கொண்டுவந்து விடலாம். ஒன்றாம் வகுப்பு.

"மூணாங்கிளாஸ் படிக்கிற பிள்ளைங்க" என்றேன்.

"வயசைப் பாத்து உக்கார வைக்கிறதில்லீங்க. கையில எவ்வளவு பேச்சு இருக்குன்னு பாத்துத்தான். இவகிட்ட இன்னும் ஒரு பேச்சும் வந்து சேரல. அஞ்சு வயசுல கொண்டாந்திருந்தீங்கன்னா இவளும் இப்ப மூணாவது."

திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

பஸ்ஸில் பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டு கையையும் என்னென்னமோ ஆட்டிக்கொண்டே வந்தாள். அந்தக் கட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெருவில் வெடி போட்டார்கள். தனுஷ்கா சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்று, ஒவ்வொரு வெடிக்கும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். நானும் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தேன். சுவர் லேசாக அதிர்ந்தது. இவ்வளவு நாள் அது எனக்குத் தெரியாது.

பாண்டி புது டிரங்குப் பெட்டியில் பெயர் எழுதி வாங்கி வந்தாள். பிள்ளை அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். சுவரில் மாட்டியிருக்கிற காலண்டர் படத்தையும் அப்படித்தான் தடவுவாள்.

அக்டோபர் 27, திங்கள்

விட்டாச்சு.

முதல் மாசம் பெற்றவர்கள் வரக்கூடாதாம். வந்தால் பிள்ளைகள் அழுது பின்னாலேயே ஓடிவந்துவிடுமாம். அப்புறம் மாசத்தில் இரண்டாம் சனிக்கிழமை. வார்டனம்மா மூணு தடவை சொன்னார். என் முகத்தைப் பார்த்தாலே சந்தேகம் வரும்போல.

எங்கே போகிறோம், எத்தனை நாள், ஏன் என்று அவளுக்கு எதைக் கொண்டு சொல்வது? எங்களிடம் இருந்தது மூணு புருவம், ஒரு மூக்கு, ஒரு பரோட்டா. அதில் ‘திரும்பி வருவேன்’ இல்லை. கேட்டுக்கு வெளியே வந்து பார்த்தேன். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருவேளை நான் மறுபடியும் விளையாடுகிறேன் என்று நினைத்தாளோ என்னமோ, அழவில்லை.

அதுதான் தாங்கவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

மாவு பிசைந்தேன். மூட்டை மேல் அண்ணாச்சி பேப்பரை வைத்தார். எடுக்கச் சொன்னேன். "ஏன்டா?" என்றார். "மூட்டைக்கு வேர்க்கும்" என்றேன்.

நவம்பர் 3, திங்கள்

பரோட்டா அடிக்கும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டேன்.

நவம்பர் 8, சனி

இரண்டாம் சனிக்கிழமைதான். நமக்கு இல்லை.

நவம்பர் 19, புதன்

ஒரு வாடிக்கைக்காரர், "என்ன மாஸ்டர், ரெண்டு வாரமா பேச்சையே காணோம், பல்லு வலியா?" என்றார். "ஆமா, பிடுங்கியாச்சு" என்றேன்.

நவம்பர் 30, ஞாயிறு

ஜெசிந்தா டீச்சர் கடைக்கு வந்தார். டைரியை வாங்கிப் பார்க்கவில்லை. நான் கொடுக்கவும் இல்லை. "இப்பவும் எழுதுறீங்களாண்ணே?" என்றார். "பழக்கமாயிடுச்சு" என்றேன். பாப்பா நல்லா இருக்கிறாள், உப்புமா சாப்பிடுகிறாள் என்றார்.

உப்புமா சாப்பிடுகிறாளாம்.

டிசம்பர் 13, சனி

இன்று போனோம். பாண்டி முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டாள். நான் பரோட்டா, சால்னா. சால்னா பஸ்ஸிலேயே பாதியை என் வேட்டிக்குக் கொடுத்துவிட்டது.

தனுஷ்கா ஓடி வந்தாள். மெலிந்திருந்தாள். தலைமுடியை இரண்டாகப் பின்னி நாடா கட்டியிருந்தார்கள். என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், சால்னா வாசத்தை மோந்து பார்த்தாள், அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவள் கூட்டாளிகள் முன்னால் நிறுத்தினாள். எல்லாம் ஆறு வயசு, ஏழு வயசு. நடுவில் இவள் ஒரு தலை உயரம்.

முதலில் தன்னைத் தொட்டாள். பிறகு ஒரு விரலால் கன்னத்துக் குழியைக் குத்தித் திருகினாள். வார்டனம்மா பக்கத்தில் நின்று சொன்னார்: "அதாங்க அவ பேரு. இங்க ஒவ்வொருத்தருக்கும் கையால ஒரு பேரு வப்பாங்க. இவ சிரிச்சா குழி விழுதுல்ல, பிள்ளைங்களே வச்சது."

பாண்டி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளும் விரலால் தன் கன்னத்தில் குத்தித் திருகிப் பார்த்தாள். பிள்ளை சட்டென்று திரும்பினாள். தரையை யாரும் மிதிக்கவில்லை.

அடுத்து அம்மா. மூக்கைப் பொத்தினாள். அது மாறவில்லை.

அடுத்து நான். தயாராக நின்றேன். பரோட்டா அடிப்பாள், நானும் கூட அடித்து ஒரு கூத்துக் காட்டலாம் என்று கையைக்கூடத் தூக்கிவிட்டேன். அவள் இரண்டு ஆள்காட்டி விரலையும் தன் புருவத்துக்குக் கீழே வைத்து மேலே தள்ளினாள். என்னைக் காட்டினாள். மறுபடியும் புருவத்தைத் தள்ளினாள். பிள்ளைகள் எல்லாம் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டன. ஏற்கெனவே என்னைப் பற்றிப் பேச்சு நடந்திருக்கிறது போல.

"உங்களுக்குப் பேரு புருவமாம்" என்று வார்டனம்மா சிரித்தார். "ஏன் புருவம்?"

"அடர்த்தியா இருக்குல்லம்மா, அதான்" என்றேன்.

பாண்டி என்னைப் பார்த்தாள்.

பரோட்டாவைப் பிய்த்துப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தோம். தின்றுகொண்டே பேசினார்கள். அப்போதுதான் தெரிந்தது, என் மகள் பேசுகிறாள் என்று. ஏதோ நீளமாகச் சொன்னாள், நடுவில் நிறுத்தினாள், மறுபடியும் சொன்னாள், அவர்கள் சிரித்தார்கள். வம்பு பேசுகிறாள். என்னை மாதிரியே. ஒரு வார்த்தை எனக்குப் புரியவில்லை.

அன்றைக்கு மெஷினைத் தொட்ட அந்தக் குட்டிப் பிள்ளை என் முன்னால் வந்து நின்றது. கையால் என்னிடம் ஏதோ கேட்டது. கேட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றது. சுற்றி எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஆமாவா இல்லையா, சிரிப்பதா வேண்டாமா, ஒன்றும் தெரியவில்லை. கையில் பரோட்டாத் துண்டோடு நின்றேன்.

தனுஷ்காவைப் பார்த்தேன்.

அவள் இரண்டு புருவத்தையும் தூக்கினாள்.

நான் தலையை ஆட்டினேன். எல்லோருக்கும் ஒரே சந்தோசம். அந்தக் குட்டிப் பிள்ளை என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு ஓடியது.

என்ன கேட்டது என்று வீடு வந்து சேர்ந்தும் தெரியவில்லை.